சமூகத் தொழில்முனைவுப் பயிற்சி: டாக்காவா, சான்சிபாரா, மண்டபமா?

வளரும் நாடுகளின் கிராமங்களில் தங்கிச் சமூகத் தொழில்முனைவைக் கற்றுக்கொள்ளும் பயிற்சி வாய்ப்புகள் கல்லூரி மாணவர்களுக்கு இன்று பல வடிவங்களில் கிடைக்கின்றன. அவற்றின் விளம்பரங்களோ, வசதியான நகரத்திலிருந்து ஏழைக் கிராமத்துக்குப் போகும் ஒருவரை மனத்தில் வைத்தே பெரும்பாலும் எழுதப்படுகின்றன. வளர்ச்சியில் பின்தங்கியவை என்று 2018இல் மத்திய அரசு தேர்ந்தெடுத்த 'முன்னேற விழையும் மாவட்டங்களில்' தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை இராமநாதபுரமும் விருதுநகரும். ஆகவே இராமநாதபுரம் மாவட்டத்துத் தொண்டியிலிருந்தோ ஏர்வாடியிலிருந்தோ விண்ணப்பிக்கும் மாணவர், அந்த விளம்பரம் எத்தகைய ஊருக்கு ஆள் தேடுகிறதோ அத்தகைய ஊரிலேயே பிறந்தவர். கட்டணம், நாடு, சான்றிதழ் என்ற வழக்கமான அளவுகோல்கள் அவருக்குப் போதா. ஒரு தொழில் விதைப்பில் தொடங்கிக் கைக்குப் பணம் வரும்வரை முழுச் சுற்றுச் சுற்றுவதை அவர் பார்க்க முடியுமா, செய்த வேலைக்கு யாரிடம் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்ற இரண்டு கேள்விகளை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

முதல் கேள்வியின் கனத்தை நம் கரையிலேயே பார்க்கலாம். மண்டபம் வட்டாரத்தில் 'பெப்சி பாசி' என்று எல்லோரும் சொல்லும் கப்பாஃபைகஸ் கடற்பாசியை மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் மிதவைகளில் வளர்க்கிறார்கள். ஒரு மிதவைக்கு 20 கயிறு, ஒரு கயிற்றுக்கு 20 முடிச்சு, ஒரு முடிச்சுக்கு 150 கிராம் விதைப்பாசி என்ற கணக்கில் 60 கிலோ கட்டினால், 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். ஈரப் பாசி பத்துக் கிலோ காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோதான் நிற்கும் என்பதால், காய்ச்சல் போதுமா, மணல் கலந்திருக்கிறதா என்ற பேச்சு எடைபோடும் இடத்தில் எழாமல் இராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பாக் விரிகுடாவில் அலை எழும்பி மிதவைகள் தாங்காமல் போகும். கடல் சூடேறும் நாட்களில் பாசி வெளுத்துப் போவதும் உண்டு. ஆறு வாரப் பயிற்சி என்றால் அதிகம் போனால் ஒரேயொரு அறுவடை. நல்ல பருவத்தில் வந்து போனவர் இது லாபமுள்ள தொழில் என்று அறிக்கை எழுதுவார். கெட்ட பருவத்தில் வந்தவர் மானியம் இல்லாமல் இது நிற்காது என்று எழுதுவார். இரண்டிலும் பொய் இராது, ஆனாலும் இரண்டையும் நம்பி யாரும் ஒரு மிதவை கூடக் கட்ட முடியாது.

இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், மாணவர் அமைப்புகள் நடத்தும் குறுகிய கால வெளிநாட்டுத் தன்னார்வப் பணிகள் மிகவும் பின்தங்குகின்றன. 1948இல் தொடங்கிய ஏஐசெக் அமைப்பின் உலகளாவிய தன்னார்வத் திட்டம் 18 முதல் 30 வயது வரையுள்ளவர்களை ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு அனுப்புகிறது. திட்டக் கட்டணமும் விமானச் செலவும் மாணவருடையவை. முன்பின் அறியாத நாட்டில் பல நாட்டு இளைஞர்களோடு தங்கி வேலை செய்யும் துணிவு வரும் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டை விட்டு மதுரைக்கு அப்பால் போகாத பிள்ளைக்கு அது சிறிய வரவன்று. ஆனால் அங்கே மாணவர் முதலில் வாடிக்கையாளர், அதன் பிறகே பயிற்சியாளர். கட்டணம் கட்டியவரிடம், 'நீ எழுதிய கணக்கு தவறு' என்று முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் எளிதில் மனம் வராது.

நிறுவனமே பொறுப்பேற்று அழைத்துக்கொள்ளும் பயிற்சி வேறு வகை. முகமது யூனுஸ் தொடங்கி 1983இல் முறையான வங்கியான கிராமீன் வங்கி, பல நாட்டு மாணவர்களை டாக்காவுக்கு அழைத்துக் கிளைகளையும் கிராமக் கூட்டங்களையும் காட்டிப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. ஐந்து பேர் கொண்ட கடன் குழுக்களையும் வாராந்தரக் கூட்டத்தையும் நேரில் பார்ப்பவருக்கு, 12 முதல் 20 பேர் வரை கூடும் நம்மூர் மகளிர் சுய உதவிக் குழு எங்கே வேறுபடுகிறது என்பது உடனே விளங்கும். ஆனால் வங்காளம் தெரியாதவர் எதையும் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் கேட்க வேண்டும். கடனைக் கட்டத் தவறிய பெண் தாழ்ந்த குரலில் சொல்வது அந்த வழியில் வந்து சேருமா என்பது ஐயமே.

டாக்காவைவிட, நம் கடற்கரை மாணவருக்குச் சான்சிபார் பொருத்தமானது என்பது என் கருத்து. தான்சானியாவைச் சேர்ந்த அத்தீவில் 1980களின் இறுதியில் வணிகப் பாசி வளர்ப்பு தொடங்கியது; செய்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கடல் வெப்பம் கூடியதில் விலையுள்ள ரகம் அழியத் தொடங்கவே, பாஜே போன்ற ஊர்களில் பாசியைச் சோப்பாகவும் பூச்சுப் பொருளாகவும் மாற்றி விற்கும் சமூக நிறுவனங்கள் எழுந்தன. காய்ந்த பாசியை அப்படியே விற்பதோடு நிற்கும் நம் பக்கத்துக்கு அந்த அனுபவம் நேரடியாகப் பயன்படும். 2023 முதல் சென்னை ஐஐடியின் வளாகம் ஒன்றும் அங்கே இயங்குகிறது என்பதால் வீட்டாரிடம் எடுத்துச் சொல்வதும் சற்று எளிது. செலவு மட்டும் எளிதன்று.

உள்நாட்டுத் திட்டங்களில் 2011இல் தொடங்கிய எஸ்பிஐ யூத் ஃபார் இந்தியா என்ற கிராமப் பணித் திட்டம் தனித்து நிற்கிறது. அதன் கால அளவான 13 மாதம் என்பது எல்லாப் பருவங்களையும் ஒருமுறை பார்த்துவிடும் காலம். மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. பல ஆண்டுகளாகக் களத்தில் இருக்கும் தொண்டு நிறுவனத்தின் கண்காணிப்பில் வேலை நடக்கிறது. பட்டம் முடித்த 21 முதல் 32 வயதினருக்கே அது திறந்திருப்பதால், படித்துக்கொண்டிருப்பவர் காத்திருக்க வேண்டும். 15 நாளில் ரயிலில் 8,000 கிலோமீட்டர் சுற்றிவரும் ஜாக்ரிதி யாத்ராவைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. ஆட்களை அறிந்துகொள்ள நல்ல பயணம், அவ்வளவே.

இனி நம் கரை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், பாசி வளர்ப்புத் தொழில்நுட்பத்தை உருவாக்கிய மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கின்றன. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. பாம்பனில் மீனவர்களுக்கென்றே இயங்கும் கடல் ஓசை சமுதாய வானொலி இருக்கிறது. சின்னப்பாலத்தில் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் எடுக்கும் பெண்கள், மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்குக் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சீகாலஜி அமைப்பு 2015இல் விருது வழங்கியது. உலகம் வந்து பார்த்துவிட்டுப் போன இந்த இடத்தில் உள்ளூர் மாணவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வாங்கிய முன்பணத்துக்காக ஒரே வியாபாரிக்குப் பாசியைப் போட வேண்டியிருப்பதை ஓர் அக்கா அவரிடம் தயங்காமல் சொல்வார். அவர் எழுதிய கணக்கில் பிழை இருந்தால் மறுநாளே தெருவில் நிறுத்திக் கேட்கவும் செய்வார்.

இங்கே கற்கக் கிடைக்கும் முரண்பாடுகளும் அசலானவை. 1986இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்ட பிறகு தீவுகளை ஒட்டிப் பாசி எடுப்பது சட்டச் சிக்கலானது. கப்பாஃபைகஸ் குருசடை தீவருகே பவளப்பாறைகள் மீது படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பெண்களுக்கு வருமானம் தரும் ஒரு தொழில் கடலுக்குக் கேடாகவும் முடியலாம் என்பதை எந்த வகுப்பும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

குறைகளும் உண்டு. முறையான விண்ணப்பம், உதவித்தொகை, தங்குமிடம் எதுவும் தயாராக இருப்பதில்லை. எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு மாணவரே அமைத்துக்கொள்ள வேண்டும். பாசிக் கணக்கு எழுதவா இவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தோம் என்ற வீட்டுப் பேச்சும், வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களின் கண்ணில் வெளிநாட்டுச் சான்றிதழுக்கு உள்ள மதிப்பும் சேர்ந்து பலரைத் திருப்பிவிடுகின்றன.

ஆகவே என் பரிந்துரை வரிசையைப் பற்றியது. இரண்டாம் ஆண்டில், கல்லூரி நடக்கும் மாதங்களிலேயே வார இறுதிகளை ஒதுக்கி, ஒரு பாசிக் குழுவின் வரவு செலவைக் குறைந்தது மூன்று அறுவடைகளுக்குத் தொடர்ந்து எழுதலாம். கோடை விடுமுறையை மட்டும் நம்பினால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் குறுக்கிடும்; பாசி எடுக்கும் பெண்களும் அக்காலத்தில் இடைவெளி விடுவது வழக்கம். அந்தக் கணக்கை இணைத்துச் சான்சிபாரின் சமூக நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிப்பவர், காய்ந்த பாசியைச் சோப்பாக்கினால் கிலோவுக்கு என்ன மிஞ்சுகிறது என்ற ஒரே கேள்வியோடு போகலாம். வெளிநாட்டுச் செலவு கட்டுப்படியாகாதவர் பட்டம் முடித்ததும் 13 மாதத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். அங்கேயும் நேர்காணலில் பேச அந்த மூன்று அறுவடைக் கணக்கு உதவும்.