யார்க் 19: ஒரே ஆட்டக்காரர், நாலு சட்டை, ஒரு அச்சுக் கடை

ராமநாதபுரம் கடற்கரையில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) அணிகளுக்கு ஜெர்சி அடித்துத் தரும் கடை இது. குறை கொஞ்சம் சொல்ல வேண்டியிருப்பதால் பெயர் வேண்டாம். கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊர் ஆர்டர் வந்தாலும் பெரும்பாலும் மெஸ்ஸி 10, ரொனால்டோ 7, நெய்மர் 10தான். அவற்றுக்கு டிசைன் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார்கள். கடையின் உண்மையான கைவேலை தெரிய வேண்டுமென்றால், ரெடிமேட் டிசைன் இல்லாத ஒருவரைக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கால்பந்து ஆட்டக்காரர் டுவைட் யார்க் அதற்குத் தோதான ஆள். 1971-ல் டொபாகோவில் கேனான் என்ற ஊரில் பிறந்தவர். மொத்தத் தீவே சுமார் 300 சதுர கிலோமீட்டர். 1989-ல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சுற்றுப்பயணம் வந்த ஆஸ்டன் வில்லா கிளப் மேலாளர் கிரகாம் டெய்லர் கண்ணில் பட்டு இங்கிலாந்து போனார். 1998 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் பவுண்டுக்கு மான்செஸ்டர் யுனைடெட். அப்புறம் பிளாக்பர்ன், பர்மிங்காம், ஆஸ்திரேலியாவில் சிட்னி, திரும்ப இங்கிலாந்து வந்து சண்டர்லாந்து. கரும்சிவப்பு, சிவப்பு, பாதி நீலம் பாதி வெள்ளை, வான்நீலம், சிவப்பு வெள்ளைப் பட்டை என்று ஒரே மனிதர் இத்தனை நிறம் போட்டு ஆடியிருக்கிறார். அச்சுக் கடைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை கிடையாது. ஆர்டர் கொடுத்தது நாலு சட்டை.

முதலில் யுனைடெட். இதில்தான் கடை நன்றாகச் சறுக்கியது. ரெடிமேட் சிவப்பு பாலியெஸ்டர் டீஷர்ட்டை எடுத்து, வெள்ளை வினைலில் (சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் படலம்) யார்க்கின் எண்ணான 19-ஐ வெட்டி, ஹீட் பிரஸ்ஸில் (சூடாக அழுத்தும் மெஷின்) 160 டிகிரியில் 15 நொடி வைத்தார்கள். கையில் வாங்கும்போது 19 பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் அதே 19 ரோஜாப்பூ நிறம். ஓரத்தில் லேசாக, நடுவில் நன்றாகவே. துவைத்ததால் வந்த கோளாறு இல்லை, அந்தச் சட்டை அதுவரை தண்ணீரையே பார்க்கவில்லை. பாலியெஸ்டருக்குச் சிவப்பு ஏற்றும் சாயம் சூடு கூடினால் ஆவியாகிக் கிளம்பும் ஜாதி. பிரஸ்ஸின் சூட்டில் கிளம்பிய சாயம் மேலே இருக்கும் வெள்ளைப் படலத்துக்குள் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். சிவப்பு, கரும்சிவப்பு, மெரூன் துணிகளில் இந்தத் தொல்லை அதிகம். வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கியில் சட்டையை வைத்தால் இன்னும் சீக்கிரம் ஏறும்.

இதற்கு வழி மூன்று. 130 டிகிரிக்குள் ஒட்டும் வினைல் அல்லது டி.டி.எஃப். ஃபிலிம் (படலத்தில் அச்சடித்துத் துணிக்கு மாற்றுவது) கேட்பது. அடியில் சாம்பல் நிறத் தடுப்புப் படலம் உள்ள வினைல் வாங்குவது. விலை கூடும், ஆனால் சாயம் மேலே வராது. மூன்றாவதுதான் சரியான வழி: வெள்ளைத் துணியில் முழுச் சட்டையையும் சப்ளிமேஷனில், அதாவது மையைச் சூட்டில் ஆவியாக்கி இழைக்குள்ளேயே ஏற்றும் முறையில், அடிப்பது. சப்ளிமேஷனில் வெள்ளை மை கிடையாது. எண் இருக்கும் இடத்தை அச்சடிக்காமல் விட்டால் துணியின் வெள்ளையே எண்ணாக நிற்கும். அதில் நிறம் ஏறவும் வழியில்லை, உரியவும் ஒன்றுமில்லை. கடையில் சப்ளிமேஷன் மெஷின் இருந்தும் ஒற்றைச் சட்டைக்கு அதை ஓட்டச் சோம்பல். 10 சட்டைக்குக் குறைந்தால் வினைல்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மைக்கு ஒரு மார்க் போடலாம்.

இன்னொரு தவறு, பார்த்தவர்களுக்கு மட்டும் உறுத்துவது. 1998–2000 லீக் சட்டையின் காலரில் ஜிப் உண்டு. கடையும் அதைத் தைத்தே கொடுத்தது, நல்ல வேலை. ஆனால் அந்தச் சட்டையின் கைப்பட்டையில் சாம்பியன்ஸ் லீக் நட்சத்திரப் பந்தை ஒட்டிவிட்டார்கள். ஐரோப்பிய ஆட்டங்களுக்கு யுனைடெட் தனிச் சட்டை வைத்திருந்தது. 1999 மே 26 பார்சிலோனா இறுதியாட்டத்தில் போட்டதும் ஜிப் சட்டை இல்லை. அந்த சீசனில் யார்க் லீக்கில் 18, சாம்பியன்ஸ் லீக்கில் 8, எஃப்.ஏ. கோப்பையில் 3 என்று 29 கோல் போட்டார். கால் இறுதியில் இன்டர் மிலானுக்கு எதிராக பெக்காம் தூக்கிக் கொடுத்த பந்தில் தலையால் முட்டிய இரண்டும் இதில் சேரும். எந்த ஆட்டத்து யார்க் வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டுச் சட்டையைச் சொல்லுங்கள். இரண்டையும் கலந்தால் கடைக்காரருக்குத் தெரியாது, மைதானத்தில் யாராவது ஒருவருக்குத் தெரியும். கிளப் சின்னத்தை அச்சடிக்க உரிமம் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிறமும் பெயரும் எண்ணும் இருந்தாலே யார் என்று புரியும்.

வில்லா சட்டையில் சிக்கல் நிறத்தில். உடல் கரும்சிவப்பு, கை வான்நீலம். வெஸ்ட் ஹாம், பர்ன்லி அணிகளுக்கும் இதே ஜோடி என்பதால் வெஸ்ட் ஹாம் டிசைனை எடுத்து எழுத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கப் பார்த்தார்கள். திருப்பி அனுப்பியபின் வந்தது பீட்ரூட் நிறம். கம்ப்யூட்டர் திரையில் தெரிவதும் துணியில் விழுவதும் ஒன்றல்ல. 190–200 டிகிரியில் 45 முதல் 60 நொடி வரை பிரஸ் நின்றால்தான் நிறம் முழுசாக இறங்கும். அவசரத்தில் 30 நொடியில் தூக்கினால் வெளிறிப்போகும். அதே துணி ரோலில் ஒரு கைக்குட்டை அளவு துண்டில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள், அதை வாசலுக்கு எடுத்து வந்து வெயிலில் பாருங்கள். ட்யூப் லைட்டுக்குக் கீழே எல்லாக் கரும்சிவப்பும் ஒரே மாதிரிதான் தெரியும். இன்னொன்று, 19 யுனைடெட்டில் பிரபலமான எண். 1996 லீக் கோப்பை இறுதியில் லீட்ஸுக்கு எதிராக மூன்றாவது கோல் போட்ட யார்க்தான் வேண்டுமென்றால் வில்லா சட்டையில் 19 போடாதீர்கள்.

பிளாக்பர்ன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாதி நீலம், பாதி வெள்ளை; யுனைடெட்டில் முன்களத்தில் ஜோடியாக ஆடிய ஆண்டி கோலும் யார்க்கும் மறுபடி சேர்ந்த இடம். தையலில் கழுத்துப் பட்டி இழுத்து, நடுக்கோடு ஒரு சென்டிமீட்டர் சாய்ந்திருந்தது. தூரத்தில் தெரியாது, போட்டோவில் தெரியும்.

நாலில் உருப்படியாக வந்தது யார்க்கின் நாடான டிரினிடாட் டொபாகோவின் சட்டை. சிவப்பு, முழு சப்ளிமேஷன், வெள்ளை 19. 2005 நவம்பர் 16-ல் பஹ்ரைனின் மனாமாவில் யார்க் அடித்த கார்னரை டென்னிஸ் லாரன்ஸ் தலையால் முட்டி உள்ளே போட்டதால்தான் அந்த நாடு முதல் முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. 2006-ல் டார்ட்மண்டில் 10 பேராகக் குறைந்த பின்னும் ஸ்வீடனை 0–0 என்று நிறுத்தியபோது கேப்டன் அவர், ஆடியதோ நடுக்களத்தில். இந்தச் சட்டைக்குத் துணியை முதலில் வெட்டி, துண்டு துண்டாக அச்சடித்து, பிறகு தைத்திருக்கிறார்கள். தைத்த சட்டையைப் பிரஸ்ஸில் வைத்தால் அக்குளில் துணி மடிந்த இடமெல்லாம் வெள்ளைக் கோடாக நிற்கும். இதில் ஒரு கோடு கூட இல்லை. பத்துத் துவைப்புக்குப் பிறகும் எண் அப்படியே.

துணி திருப்பூரிலிருந்து வரும் டாட் நிட் (புள்ளிப் பின்னல்). 160 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேளுங்கள். 130-ல் ஒன்று காட்டுவார்கள், விலை குறைவு, ஆனால் வியர்வையில் உடம்போடு ஒட்டி உள் பனியன் தெரியும். அளவு மார்புச் சுற்று அங்குலத்தில். கடையின் 40, ரெடிமேட் 40-ஐ விட ஒரு அங்குலம் சிறுசு. முதுகு எண் 25 சென்டிமீட்டர், பெயரெழுத்து 6 அல்லது 7 சென்டிமீட்டர் என்று எழுதியே கொடுங்கள். வாயால் சொன்னால் இருக்கிற வினைல் துண்டுக்கு ஏற்றபடி எண் சுருங்கும். முழு சப்ளிமேஷனுக்கு 400 ரூபாய் சொல்கிறார்கள், காலர் ஜிப்புக்குத் தனியாக 60. ஒரு வாரம் என்றால் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வினைல் சட்டை வாங்கினால் முதல் 24 மணி நேரம் துவைக்கக் கூடாது. அப்புறம் உள்பக்கம் வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில். நம் பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்று பவுடரை அள்ளிப் போட்டால் அது அலசப் போகாமல் எண்ணின் ஓரத்தில் வெள்ளையாகப் படிந்து, அந்த இடத்திலிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். கடைசி அலசலை மட்டுமாவது குடிதண்ணீரில் செய்யுங்கள். மணலில் ஆடினால் துவைப்பதற்கு முன் உதறுங்கள். மணலோடு கசக்கினால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதைதான். வேலிக் கருவேலத்தில் காயப் போடுகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு முள் போதும், இழை ஓடிவிடும்.

எழுத்துப் பிழை பற்றி ஒரு வார்த்தை. யார்க் என்பதற்கு ஆங்கிலத்தில் ஐந்து எழுத்து (YORKE), கடைசியில் ஈ. கடை நாலோடு நிறுத்தியது. கடைக்காரரிடம் “காக்கா (அண்ணே), பின்னாடி ஒரு ஈ வரணும்” என்றதற்கு, “ஊரு பேருக்கு வராதே தம்பி” என்று பதில். அவர் சொன்னது யார்க் நகரம். மறுக்காமல் உடனே ஒரு ஈ வெட்டி ஒட்டிக் கொடுத்தார், காசும் வாங்கவில்லை. ஆனால் பெயர் நடுவில் இருந்து ஓர் எழுத்து அகலம் வலப்பக்கம் போயிற்று, இரண்டாம் முறை பிரஸ் வைத்த சதுரத் தழும்பும் தோளில் நிற்கிறது. பெயரைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அதைக் கம்ப்யூட்டரில் தட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.