பிரசோசின், புரோப்பிரானலோல், குளோனிடின்: இரவுத் திடுக்கத்துக்கு எந்தக் குளிசை?

போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகும் வன்னியில் கேட்கிற முறைப்பாடுகள் இவை: விடியப்புறம் கெட்ட கனவோடு திடுக்கிட்டு எழும்புவது, பட்டாசு வெடித்தால் நெஞ்சு படபடப்பது, படித்ததும் சொன்னதும் மனதில் நிற்காதது. இந்த மூன்றிலும், உடலையும் மூளையையும் உசுப்பிவிடும் நோர்அட்ரினலின் என்ற சுரப்புக்குப் பங்குண்டு. அதை அடக்க மூன்று குளிசைகள் பேசப்படுகின்றன. மூன்றும் பிரஷருக்குக் கொடுபடுபவைதான். அதற்காக ஒன்று இல்லாத நாளில் மற்றதைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் ஆபத்து.

மூளைத்தண்டில், நாலாம் மூளையறையின் அடியை ஒட்டி, இரு பக்கமும் ஒவ்வொரு நீலப்புள்ளி இருக்கிறது. லோக்கஸ் செருலியஸ் என்பார்கள். மூளைக்குப் போகும் நோர்அட்ரினலினில் பெரும்பங்கு இங்கிருந்துதான். அது போய்ப் பற்றிக்கொள்ளும் இடங்களை ஏற்பிகள் என்பார்கள்; அல்பா-1, அல்பா-2, பீட்டா என்று வகைகள் உண்டு. அளவாகச் சுரந்தால் முன்மூளையின் அல்பா-2 ஏற்பிகள் வேலை செய்யும், கவனம் கூர்மையாகும். அளவு மீறினால் அல்பா-1 விழித்துக்கொள்ளும், முன்மூளை தளர்ந்துவிடும். மறதி என்று வருகிற பலருக்கு நடப்பது இதுதான். பயத்தின் நினைவை அமிக்டலா என்ற மூளைப் பகுதியில் ஆழப் பதிப்பது பீட்டா ஏற்பி. கனவு வரும் தூக்கத்தில் நீலப்புள்ளி வழமையாக முற்றாக ஓய்ந்திருக்கும். மனவடு (PTSD) உள்ளவர்களுக்கு அந்த ஓய்வு சரியாகக் கிடைப்பதில்லை என்பதே கெட்ட கனவுக்குச் சொல்லப்படும் விளக்கம்.

நீலப்புள்ளியைக் குளம் என்று வைத்தால், குளோனிடின் குளத்துத் துருசிலேயே தண்ணீரைக் குறைக்கிறது. பிரசோசினும் புரோப்பிரானலோலும் வயல் மடையை அடைப்பவை. முன்னது அல்பா-1 மடை, பின்னது பீட்டா மடை.

கெட்ட கனவுதான் முதல் முறைப்பாடு என்றால், மூன்றில் முதலில் முயல வேண்டியது பிரசோசின் என்பது எங்கள் கருத்து. சான்று ஒரே பக்கம் சாயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2003, 2013 ஆய்வுகளில் நன்றாக வேலை செய்தது. 2018இல் 304 அமெரிக்க முன்னாள் படையினரிடம் செய்த பெரிய ஆய்வில், ஒப்பிடக் கொடுத்த மருந்தில்லாத வெறுங்குளிசையை அது வெல்லவில்லை. நிலைமை மோசமாக இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதால் விவாதம் ஓயவில்லை.

பிரசோசின் பலிக்காமல் போவதற்கு அடிக்கடி காரணம், 1 மில்லிகிராமிலேயே நிறுத்திவிடுவது. அது தொடங்கும் அளவு மட்டுமே. சில நாளுக்கொரு முறை பிரஷர் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனால், பலருக்கு 3 முதல் 15 மில்லிகிராமுக்குள் பலன் தெரியும். முதல் குளிசையைப் பாயில் இருந்துகொண்டு போட்டு உடனே படுக்க வேண்டும். போட்ட அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் எழும்பினால் மயங்கி விழக்கூடும். முற்றத்தைத் தாண்டி மலசலகூடம் உள்ள வீடுகளில் இது பெரிய விசயம்: முதலில் போய்வந்து, பிறகு குளிசை. பகல் முழுக்க வெயிலில் வயல்வேலை செய்து தண்ணீர் குறைந்த உடம்பில் பிரஷர் இன்னும் விழும். படுத்தபடி ஒருமுறை, எழும்பி நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் பிரஷர் எடுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அளவைக் கூட்டக் கூடாது. சில நாள் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்காமல் மறுபடி 1 மில்லிகிராமிலிருந்து வர வேண்டும். சலம் போகச் சிரமம் என்று டாம்சுலோசின் எடுக்கும் வயதானவருக்கு இதையும் சேர்த்தால் ஒரே ஏற்பியில் இரண்டு அடி. பெண்களில் சிலருக்கு இருமும்போது சலம் கசியும். வெட்கத்தில் சொல்லமாட்டார்கள், நாங்கள்தான் கேட்க வேண்டும்.

புரோப்பிரானலோல் பகலுக்குரியது. கைநடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, சோதனைப் பயம் போன்றவற்றுக்கு 10 முதல் 40 மில்லிகிராம் உதவும். மனவடு நோயை அது மாற்றும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. சம்பவம் நடந்த உடனே கொடுத்தால் நோய் வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. மூளைக்குள் எளிதில் புகும் மருந்து என்பதால் சிலருக்குக் கனவுகளையே கூட்டிவிடும். தொய்வு உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது. சீனிக்கு இன்சுலின் போடுபவருக்குச் சீனி இறங்கும்போது வரும் நடுக்கத்தையும் படபடப்பையும் இது மறைத்துவிடும். மிஞ்சுகிற முக்கிய எச்சரிக்கை வியர்வைதான்.

குளோனிடின் மூலத்தையே அடக்குவதால் திடுக்கம், தூக்கமின்மை இரண்டுக்கும் பொருத்தமாகத் தெரியும். படுக்கும்போது 0.1 மில்லிகிராமோ அதில் பாதியோ போதும். ஆனால் அதன் பாதி ஆயுள், அதாவது உடம்பில் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம், 12 முதல் 16 மணித்தியாலம். விடியவே மோட்டார் சைக்கிளில் புறப்படுபவருக்கு அந்த மந்தம் ஆபத்து. சிறுநீரகம் வழியாகவும் வெளியேறுவதால், சிறுநீரக நோய் பரவலாக உள்ள வவுனியாப் பக்கத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்காமல் தொடங்கக் கூடாது.

இதில் எங்களைப் பயமுறுத்துவது திடீர் நிறுத்தம். குளிசை முடிந்து ஒன்றிரண்டு நாளில் பிரஷர் பாய்ந்து ஏறும். கார்த்திகை, மார்கழி மழையில் பாதை மூடி கிளினிக் தவறும் ஊர்களில், கையில் இரண்டு கிழமைக்கு மேலதிகக் குளிசை இல்லாதவருக்குக் குளோனிடின் வேண்டாம். புரோப்பிரானலோலும் சேர்த்து எடுப்பவருக்கு நிறுத்த வேண்டி வந்தால் முதலில் புரோப்பிரானலோலைக் குறைத்து விடுவித்து, அதன் பிறகே குளோனிடினை மெல்ல மெல்ல இறக்க வேண்டும். தூக்கத்துக்கென்று ஏற்கெனவே அமிட்ரிப்டிலினோ மிர்ட்டசபினோ எடுத்தால் அவை குளோனிடினின் வேலையைக் கெடுக்கும். பழைய கிளினிக் கொப்பியைப் பார்த்தாலே இது பிடிபடும்.

மூன்றும் துணை மருந்துகளே. மனவடுவை மையமாக வைத்த பேச்சுச் சிகிச்சையும், மருந்து தேவையானால் செர்ட்ரலின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும்தான் முதலில் வர வேண்டும்.

அறுபது வயதுக்குப் பிறகு புதிதாகத் தூக்கத்தில் கத்துவது, உதைப்பது, குத்துவது தொடங்கினால் அதைப் போரின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். கனவுத் தூக்கத்தில் உடலைத் தளர்த்தி வைக்கும் இடம் நீலப்புள்ளிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அது பழுதானால் பார்க்கின்சன் நோய் பல வருடங்கள் முன்கூட்டியே இப்படித் தலைகாட்டலாம். செர்ட்ரலின், வென்லபக்சின் போன்றவை இதைக் கூட்டவும் செய்யும். பக்கத்தில் படுப்பவரிடம் கேளுங்கள்: இரவின் எந்தப் பகுதியில் நடக்கிறது, கை கால் அசைகிறதா, எழுப்பினால் கனவைச் சொல்கிறாரா? பின்னிரவு, அசைவு, தெளிவான கனவு மூன்றும் சேர்ந்தால், கட்டிலை விட்டுத் தரையில் பாயில் படுக்க வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் விளக்கோ கத்தியோ இல்லாமல் பார்த்து, நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்ப வேண்டும்.