மவுஸ் பிடிக்கத் தொடங்குகிறவருக்கு விண்டோஸ் 11-ஆ, லினக்ஸ் மின்ட்டா? கோத்தகிரி வகுப்பிலிருந்து ஓர் ஒப்பீடு

நீலகிரியின் கோத்தகிரி பக்கம் எங்கள் ஹட்டியின் (படுகர் ஊரின்) சமுதாயக் கூடத்தில் மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு. இருப்பவை ஐந்து கம்ப்யூட்டர்கள். நான்கு பழையவை: நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ரேம், பிறகு நாங்களே போட்ட எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்). ஒன்றுதான் புதிது. எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. தனியாகப் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு உண்டு, அவ்வளவே. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் கேட்கிறது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். எங்கள் பழைய நான்கும் தேறவில்லை.

அதனால் நான்கிலும், விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய லினக்ஸ் மின்ட் 22 போட்டோம், புதியதில் விண்டோஸ் 11. ஒரே கூடத்தில், ஒரே ஆட்களுக்கு, இரண்டிலும் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் கண்டதை எழுதுகிறேன்.

வருகிறவர்கள் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஓரிரு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் பெரியவர்கள், மகளிர் குழுவில் கணக்கு எழுதும் பெண்கள், பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். செல்போன் எல்லோர் கையிலும் இருக்கிறது. மவுஸைப் பாதிப் பேர் இங்கேதான் முதன்முதலில் தொடுகிறார்கள். கம்ப்யூட்டரில் எத்தனை வசதி இருக்கிறது என்பதை வைத்து நான் எடை போடவில்லை. நேற்று சேவ் செய்த ஃபைலை இன்று அவரே, என்னைக் கூப்பிடாமல், தேடி எடுக்கிறாரா? அந்த ஒன்றுதான் என் அளவுகோல்.

குளிரில் டபுள் கிளிக்

மலைக்கு வெளியே இருப்பவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் மாலைகளில் விரல் விறைத்துப்போகும். நாள் முழுக்க இலை பறித்த கை வேறு. டபுள் கிளிக் செய்யச் சொன்னால் முதல் தட்டுக்கும் இரண்டாம் தட்டுக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி விழுந்துவிடும்.

அந்த இடைவெளியோடு ஃபைலின் பெயர்மேல் இரண்டு முறை தட்டினால், ‘பெயரை மாற்று’ என்று விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. பெயர் நீல நிறமாகும். பதறிப்போய் ஏதோ ஒரு பொத்தானை அழுத்துவார்கள். ‘குழுக் கணக்கு’ என்ற பெயர் ஒற்றை எழுத்தாக மாறி நிற்கும். உள்ளே இருப்பது அப்படியேதான் இருக்கிறது, பெயர்தான் போயிற்று என்று அந்த நிமிடத்தில் அவர்களுக்கு எப்படித் தெரியும்? கண்ட்ரோல்-இசட் அழுத்தினால் பழைய பெயர் திரும்பிவிடும். முதல் நாளே நான் சொல்லிக்கொடுப்பது அதைத்தான்.

மின்ட்டின் ஃபைல் மேலாளரில் இப்படி மெதுவாகத் தட்டினால் எதுவும் ஆகாது. திறக்கவில்லையே என்று இன்னொரு முறை தட்டுவார்கள், திறந்துவிடும். சிறிய வித்தியாசம்தான். ஆனால் ஐம்பது வயதுக்கு மேல் கற்க வந்த ஒருவருக்கு ‘நான் தொட்டால் கெட்டுப்போகிறது’ என்ற பயம் முதல் வாரத்திலேயே வந்துவிட்டால், இரண்டாம் வாரம் அவர் வரமாட்டார். ஒரே தட்டில் திறக்கும்படி இரண்டிலுமே மாற்றிக்கொள்ளலாம், டபுள் கிளிக் வேகத்தையும் குறைக்கலாம். விண்டோஸ் இருக்கிற இடத்தில் கற்பிக்கிறவர்கள் வகுப்பு தொடங்குமுன் இதைச் செய்து வையுங்கள்.

மவுஸ் விஷயத்தில் மின்ட்டுக்கும் ஒரு தொல்லை உண்டு. மவுஸின் நடுச் சக்கரத்தை அழுத்தினால், கடைசியாகத் தேர்ந்தெடுத்த வரி அங்கே ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தை உருட்டப் போய் அழுத்திவிடுகிறவர்களுக்குக் கடிதத்தின் நடுவே எங்கிருந்தோ வரி முளைக்கும். லினக்ஸில் பழகியவர்களுக்கு அது வரம். புதியவர்களுக்கு அப்படியில்லை.

“டீச்சர், நேத்து வச்சது காணோமே”

வகுப்பில் அதிகம் காதில் விழும் வாக்கியம் இது. என் முடிவைப் பெரும்பாலும் தீர்மானித்ததும் இதுதான்.

மின்ட்டில் ‘ஹோம்’ என்று ஒரு ஃபோல்டர். அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ். நம்முடையதெல்லாம் அதற்குள்தான். “இது உங்க வீடு, இதெல்லாம் அறை. அரிசி எங்கே வைப்பீங்களோ அங்கேதான் தேடுவீங்க” என்று சொன்னால் அன்றைக்கே பிடிபட்டுவிடுகிறது. பென் டிரைவ் செருகினால் இடப்பக்கப் பட்டியலில் அதன் பெயர் வரும். பக்கத்திலேயே சிறு அம்பு. எடுக்குமுன் அதைத் தட்ட வேண்டும்.

விண்டோஸ் 11 ஹோம் பதிப்பை முதன்முதலில் அமைக்கும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவின் ஃபோல்டர் காப்பு இயங்கினால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் ஒன்டிரைவுக்கு உள்ளே போய்விடும். கம்ப்யூட்டர் கெட்டாலும் ஃபைல் பிழைக்கும் என்பதால் இது நல்ல ஏற்பாடுதான், வேலைக்குப் போகிறவருக்குப் பயன்படும். இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி. ஆனால் மவுஸ் பிடிக்கக் கற்கிறவருக்கு ‘டாக்குமென்ட்ஸ்’ என்ற பெயர் இரண்டு இடத்தில் தெரிந்தால், எது தன்னுடையது? இது இங்கேயும் இருக்கிறது, எங்கோ தொலைவிலும் இருக்கிறது என்பதை மூன்றாம் நாளில் விளக்குவது எனக்கு வாய்க்கவில்லை. ஒரு ஃபைல் ஓர் இடத்தில்தான் இருக்கும் என்பது மனதில் ஊன்றிய பிறகே அதன் நகல் இன்னொரு இடத்தில் இருப்பது புரியும். எங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரில் அந்தக் காப்பை நிறுத்தி வைத்திருக்கிறேன்.

ஃபைல் பெயரின் வால் இன்னொன்று. வேர்டு ஃபைலா, பிடிஎஃப்-ஆ, படமா என்று சொல்லும் கடைசி எழுத்துகளை விண்டோஸ் வழக்கமாக மறைத்து வைக்கிறது, மின்ட் காட்டுகிறது. விண்ணப்பம் பதிவேற்றும்போது ‘பிடிஎஃப் மட்டும்’ என்று கேட்டால் தன் கையில் இருப்பது அதுதானா என்று பார்க்கத் தெரிய வேண்டுமே! பெயர் விஷயத்தில் மின்ட் ஒன்றில் கறார்: ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயரும் சின்ன எழுத்தில் தொடங்கும் பெயரும் அதற்கு வேறு வேறு ஃபைல். தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு அந்தச் சிக்கலே இல்லை. ‘ஆனி மாத இலைக் கணக்கு’ என்று வைத்தால் இரண்டிலும் அப்படியே நிற்கும்.

பென் டிரைவில் அழித்தது

குழுக் கணக்கு எழுதும் ஓர் அக்கா, பென் டிரைவிலிருந்த பழைய தீர்மானக் கடிதத்தை அழித்துவிட்டு, பிறகு வேண்டும் என்று குப்பைத் தொட்டியைத் திறந்து பார்த்தார். காலியாக இருந்தது. அன்று அவர் உட்கார்ந்திருந்தது விண்டோஸ் முன்னால். கம்ப்யூட்டருக்குள் அழிப்பதுதான் ‘ரீசைக்கிள் பின்’ என்ற அந்தக் குப்பைத் தொட்டிக்குப் போகும். பென் டிரைவில் அழிப்பது நேராகப் போய்விடும். ‘நிரந்தரமாக அழிக்கட்டுமா’ என்று ஒரு கேள்வி வரும். கேள்வியைப் படிக்காமல் ‘யெஸ்’ அழுத்தும் பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது.

மின்ட்டில் பென் டிரைவுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் ஒரு குப்பை ஃபோல்டருக்குப் போகிறது, திரும்ப எடுக்கலாம். ஆனால் அதற்கும் ஒரு விலை: எல்லாவற்றையும் அழித்த பிறகும் பென் டிரைவ் நிறைந்தே இருக்கும். குப்பையைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும். வேண்டியது திரும்பக் கிடைக்காமல் போவதைவிட இது எனக்குச் சம்மதம்.

தமிழில் தட்டச்சு

இதில் விண்டோஸ்தான் முந்துகிறது, தயங்காமல் சொல்வேன். செட்டிங்ஸில் மொழிப் பக்கம் போய்த் தமிழைச் சேர்த்து, தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும். மின்ட்டில் தமிழ்த் தட்டச்சுக்கான மென்பொருளைத் தனியாக இறக்கி, லாக் அவுட் செய்து திரும்ப வர வேண்டும். கற்பிக்கிறவர் ஒருமுறை செய்து வைத்தால் போதும் என்றாலும், வீட்டில் தனியாக இருப்பவருக்கு அது முட்டுக்கட்டைதான்.

எதில் கற்றாலும் தமிழ்99-ஐயே கற்கச் சொல்கிறேன். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தரம் அது. உயிர் எழுத்துகள் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ‘அம்மா’ என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. இரட்டித்து வரும் மெய்க்குப் புள்ளி தானாக விழும். ஆங்கில எழுத்தில் யோசித்துத் தமிழுக்கு வரும் முறையைவிட, ஆங்கிலம் அதிகம் தெரியாதவருக்கு இதுவே பொருந்துகிறது. படுகப் பேச்சைத் தமிழ் எழுத்தில் எழுதுகிற எங்கள் ஊர்ப் பெண்களுக்கும் இதே பலகை போதும்.

மழை, கரண்ட், அப்டேட்

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை எங்கள் சரிவில் இறங்கும்போது கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்டேட் பாதியில் நிற்கும்போது மின்சாரம் போவது எந்தக் கம்ப்யூட்டருக்கும் ஆகாது. மின்ட்டில் அப்டேட் பட்டியல் காத்திருக்கும். யுபிஎஸ் நிறைந்திருக்கும் நாளாகப் பார்த்து நானே ஓட்டுகிறேன். விண்டோஸிலும் சில வாரம் தள்ளிப்போடலாம், அப்புறம் அது தானே போட்டுக்கொள்ளும். ஷட் டவுன் செய்யப் போனால் ‘அப்டேட் செய்து அணை’ என்று வரும் நாளில் கடைசி பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் சங்கடப்படுகிறார்கள். லேப்டாப் வைத்திருந்தால் இந்தக் கவலை பாதி குறையும்.

வேலைக்குப் போகிறவர்

பிளஸ் டூ முடித்து வேலை தேடும் பிள்ளையிடம் ‘மின்ட் மட்டும் போதும்’ என்று நான் சொல்லமாட்டேன். கணக்கு வேலைக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். டேலி விண்டோஸில் ஓடுவது. நான் பார்த்த தேயிலை ஆலை அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இருப்பது விண்டோஸ்தான். கடைத்தெருவில் எங்கும் காணும் ஒரு சிறு லேசர் பிரிண்டரை மின்ட்டில் ஓடவைக்க நான் இரண்டு நாள் போராடினேன்; விண்டோஸில் பத்து நிமிடத்தில் முடிந்தது. வேர்டு, எக்ஸலை இந்தத் தராசில் வைக்க வேண்டியதில்லை. விண்டோஸோடு அவை இலவசமாக வருவதில்லை, அதே வேலைகளைச் செய்யும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபிஸோ இரண்டிலும் ஓடும்.

ஒன்று மட்டும் ஆறுதல். மின்ட்டில் மெனு இடது கீழ் மூலையில், கீழே பட்டை, வலது ஓரத்தில் கடிகாரம். 1995-இல் விண்டோஸ் 95 பழக்கிய அதே முகம். விண்டோஸ் 11 ஸ்டார்ட் பொத்தானை நடுவுக்குக் கொண்டுபோய்விட்டது, வலது கிளிக் மெனுவில் பாதியை ‘மேலும் காட்டு’க்குப் பின்னால் வைத்துவிட்டது. அதனால் பழைய விண்டோஸ் இருக்கும் அலுவலகத்துக்குப் போகிற பிள்ளைக்கு மின்ட்டில் பழகிய கை தடுமாறுவதில்லை. கண்ட்ரோல்-சி, வி, எஸ், இசட் எல்லாம் இரண்டிலும் ஒன்றே.

மற்ற இரண்டு

கூகுளின் குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸ் பழைய கம்ப்யூட்டரிலும் வேகமாக எழும். ஆனால் அதில் வேலையெல்லாம் பிரவுசர் வழியேதான். மரம் விழுந்து கேபிள் அறுந்தால் இரண்டு நாள் நெட் இல்லாத ஊரில் அதை வைத்து வகுப்பு நடத்த முடியாது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு வந்தது. எங்கள் ஊரில் சில வீட்டுப் பரண்களில் அந்த லேப்டாப் இன்னும் இருக்கிறது. 2 ஜிபி ரேம் உள்ளவற்றில் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். கடிதம் எழுத, கணக்குப் போட ஓடுகிறது.

இப்போது வகுப்பு நடக்கும் விதம் இது: முதல் ஆறு வாரம் எல்லோரும் மின்ட். அடுத்த இரண்டு வாரம், வேலைக்குப் போகிறவர்கள் மட்டும் முறைவைத்து விண்டோஸ் கம்ப்யூட்டரில், அதே பயிற்சிகளை அதே பென் டிரைவோடு. வீட்டில் புதிய லேப்டாப் விண்டோஸோடு வாங்கியவர் அதை அழித்து மின்ட் போட வேண்டாம், அதிலேயே கற்கட்டும். பழையதை வைத்துக்கொண்டு யோசிப்பவர், மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, உங்கள் பிரிண்டர் அச்சடிக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள். பென் டிரைவைக் கழற்றி மறுபடி ஆன் செய்தால் உங்கள் பழைய விண்டோஸ் தொட்ட இடம் தெரியாமல் அப்படியே இருக்கும்.