கெம்பெய்த்தாயிடம் ஒரு பொய், அம்மாவிடம் ஒரு பொய்

"பொய்ம்மையும் வாய்மை யிடத்த" என்று குறளைச் சொல்லிக் கடந்துவிட நமக்கு ஆசைதான். நல்லதுக்காகப் பொய் சொல்லலாமா என்ற இந்த வழக்கு, கிறிஸ்தவ அறநெறியில் 1,600 ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூரில் நின்று பார்க்க இரண்டு நிலைமைகளை எடுத்துக்கொள்கிறேன். சாங்கியில் அடைபட்டிருந்தவர்களுக்குப் பணமும் பொருள்களும் கொடுத்து உதவிய ஆசிரியை எலிசபெத் சோயை 1943-இல் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்த்தாய் பிடித்துப்போனது. ஆர்ச்சர்ட் ரோடு ஒய்எம்சிஏ கட்டடத்தில் கிட்டத்தட்ட 200 நாள் சித்திரவதை. அந்த இடத்தில் நம்மை உட்கார வைத்து, "கூட இருந்தது யார்?" என்று கேட்டால்? இரண்டாவது, இன்றைய மருத்துவமனை வார்டு வாசல்: "அம்மாகிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்."

ஆதித் திருச்சபையின் ஆயரும் இறையியலாளருமான அகுஸ்தினாரின் பதில்: இரண்டிலும் பொய் கூடாது. கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். சுமார் 420-இல் எழுதியபோது, நம் வார்டு வாசலுக்கு மிக நெருங்கிய ஒன்றை அவரே எடுத்துக்கொள்கிறார்: சாகக் கிடக்கும் தகப்பன், இறந்துபோன மகனைப் பற்றி "உயிரோடு இருக்கிறானா?" என்று கேட்கிறான். மனம் இளகுகிறது என்று ஒப்புக்கொள்கிறார். நிலையை மட்டும் மாற்றவில்லை. முதல் நிலைமைக்கு அவர் காட்டும் ஆள் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகர ஆயர் ஃபிர்முஸ். ஒளித்து வைத்த ஆளைக் கேட்டு வந்த அதிகாரிகளிடம், "பொய்யும் சொல்லமாட்டேன், காட்டியும் கொடுக்கமாட்டேன்" என்று அடி வாங்கியவர். அந்தத் தெம்பு நம்மில் எத்தனை பேருக்கு வரும்?

இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் பொய் எல்லாமே பாவம் என்கிறார். பிறருக்கு உதவச் சொன்னது சிறு பாவம், கெடுக்கச் சொன்னது பெரும் பாவம். அவ்வளவுதான் சலுகை.

எதிரணியின் சாட்சிகள் வேதாகமத்திலேயே இருக்கிறார்கள். ஆண் குழந்தைகளைக் காப்பாற்றப் பார்வோனிடம் கதை சொன்ன எபிரேய மருத்துவச்சிகள், இஸ்ரவேல் வேவுகாரரை ஒளித்துவைத்துவிட்டு, தேடி வந்தவர்களிடம் போய்விட்டார்கள் என்று சொன்ன எரிகோ பெண் ராகாப். தேவன் பாராட்டியது அவர்களுடைய இரக்கத்தை, பொய்யை அல்ல என்று அகுஸ்தினார் பிரித்துப் பார்க்கிறார். எனக்கு அது ஒட்டவில்லை. ராகாபின் இரக்கம் அந்தப் பொய்யால்தானே வேலை செய்தது?

1625-இல் டச்சுச் சட்ட அறிஞர் குரோசியஸ் கேள்வியையே மாற்றினார்: உண்மையைப் பெற உரிமை உள்ளவனை ஏமாற்றினால்தான் அது பொய். கொல்ல வந்தவனுக்கு அந்த உரிமை ஏது? 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் விளக்கத்திலும் இந்த "உரிமை உள்ளவர்" இருந்தது. 1997 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ரோமுக்கும் இழுபறிதான்.

கெம்பெய்த்தாய் விஷயத்தில் நான் குரோசியஸ் கட்சி. வார்டு வாசலில் அவரோடு போகமாட்டேன். நோயாளியைத் தேற்றச் சொல்லும் பொய்யையும் அவர் அனுமதிக்கிறார். பிறகு நோயாளியே நன்றி சொல்வார் என்பது கணக்கு. ஆனால் அது அம்மாவின் உடம்பு. கீமோ வேண்டுமா, ஊருக்குப் போய்க் கடைசியாக அக்காவைப் பார்க்க வேண்டுமா என்று முடிவெடுக்க வேண்டியவரும் அவர்தான். உண்மைக்கு அவரைவிட உரிமையுள்ளவர் யார்? ராகாபுக்குக் கிடைத்த விலக்கைக் காட்டி, பிள்ளைகள் பெற்றவளிடமே பொய் சொல்வதைத்தான் நம் சபைக் குடும்பங்களில் அதிகம் பார்க்கிறேன்.

அகுஸ்தினார் இங்கே நினைப்பதைவிட இடம் கொடுக்கிறார். மறைப்பவர் எல்லாரும் பொய்யர் இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அம்மா கேட்காதவரை வாயைத் திறக்காமல் இருக்கலாம். "எனக்கு என்னடா?" என்று கேட்ட பிறகு "ஒண்ணுமில்லமா, அல்சர்தான்" என்பதைத்தான் அவர் விடமாட்டார்.