கூபர் பெடியில் அம்மாவுக்கு வாங்கிய ஓபல் மோதிரம்

பழைய மோதிரத்தின் கதையிலிருந்துதான் இதை ஆரம்பிக்க வேண்டும். அம்மாவுக்குத் துலாம் ராசி. சுக்கிரனுக்கு வைரம் போட முடியாதவர்கள் ஓபல் போடலாம் என்று ஜோசியர் சொன்னதால், மதுரையில் ஒரு கடையில் வெள்ளியில் கட்டி வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலையில் பாலில் மஞ்சள் கலந்து, மோதிரத்தை அதில் போட்டு சாமி முன்னால் வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், கல்லுக்குள் ஓடிக்கொண்டிருந்த பச்சையையும் சிவப்பையும் காணவில்லை. நனைந்த கண்ணாடித் துண்டு மாதிரி இருந்தது. பத்து நாளில் காய்ந்து நிறங்கள் திரும்பின, ஆனால் வெள்ளைக் கல் மஞ்சளாகிவிட்டது. கடைக்குப் போய்க் கேட்டால், "ஓபல்னா அப்படித்தான்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எல்லா ஓபலும் அப்படி இல்லை என்பது எனக்கு ஆஸ்திரேலியாவின் ஓபல் சுரங்க ஊரான கூபர் பெடியில்தான் தெரிந்தது. நான் அடிலெய்டில் இருக்கிறேன். அங்கிருந்து ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே 846 கிலோமீட்டர், ஒரு முழு நாள் ஓட்டம். ஊரை நெருங்கும்போதே இரண்டு பக்கமும் வெள்ளை மண் குவியல்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குழி. பார்த்து நட, பின்பக்கமாக நடக்காதே என்று வழியெல்லாம் எச்சரிக்கைப் பலகைகள். 1915இல் தங்கம் தேடி வந்த கூட்டத்தில் இருந்த 14 வயதுப் பையன் ஒருவன் கண்ணில் ஓபல் பட்டதில் உருவான ஊர் இது. வெயிலுக்குப் பயந்து பாதி ஊர் மண்ணுக்கு அடியில் குடைந்த வீடுகளில் வாழ்கிறது. நான் வாங்கிய கடையும் அப்படி ஒரு குகைதான்.

கடைக்காரர் பெரியவர், இளவயதில் தானே சுரங்கம் தோண்டியவர். அம்மா மோதிரத்தின் வீடியோவைப் போனில் காட்டினேன். பார்த்த உடனே "வெலோ" என்றார். எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதி, வேகெல் டேனா பக்கம் 2008இல் பெரிய அளவில் கிடைக்கத் தொடங்கிய கல். எரிமலைப் பாறையில் விளைந்தது. அதில் பெரும்பாலானவற்றில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, பஞ்சு மாதிரி தண்ணீரை இழுக்கும். தண்ணீர் காய்ந்தால் போய்விடும், மஞ்சள் சாயம் போகாது. அழகில் அது குறைந்த கல் இல்லை என்று அவரே சொன்னார். எனக்குக் கோபமெல்லாம், விற்கும்போது ஊர் பேரைச் சொல்லி "நனைக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லாத கடை மேல்தான்.

கூபர் பெடி கல் வேறு விதம், பொதுவாக அப்படித் தண்ணீரை இழுக்காது. ஏறத்தாழ 11 கோடி வருடங்களுக்கு முன்னால் இந்தப் பாலைவனத்தின் மேல் ஒரு உள்நாட்டுக் கடல் இருந்தது. அது விட்டுப்போன மண்கல் அடுக்குகளுக்குள் சிலிக்கா கரைந்த தண்ணீர் இறங்கி, விரிசல்களில் தங்கி, மெதுவாக இறுகியதுதான் இங்கத்திய ஓபல். சிப்பியும் எலும்பும் கிடந்த இடங்களிலும் அது போய் நிரம்பியிருக்கிறது. அடிலெய்டு அருங்காட்சியகத்தில் ஓபலாகவே மாறிப்போன கடல் பிராணியின் எலும்புகளை என் பெண்ணுக்குக் காட்டியபோது அவள் அங்கிருந்து நகரவே இல்லை.

எந்த ஊர்க் கல்லானாலும் ஓபலுக்குள் தண்ணீர் உண்டு, பெரும்பாலும் எடையில் 6 முதல் 10 சதவீதம். ஆனால் நிறம் தண்ணீரால் வருவதில்லை, சாயத்தாலும் இல்லை. ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரம் அடங்கும் அளவுக்குப் பொடியான சிலிக்கா உருண்டைகள், கடையில் ஆரஞ்சு அடுக்கிய மாதிரி வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையில் பட்டு வெளிச்சம் பிரிகிறது. 1964இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துக் கண்டுபிடித்தது இது. உருண்டை சின்னதாக இருந்தால் நீலம், பெரிதாக இருந்தால்தான் சிவப்பு. பெரிய உருண்டைகள் ஒழுங்காக அடுக்கி நிற்பது அபூர்வம், அதனால் சிவப்பு அடிக்கிற கல்லுக்கு விலை எகிறுகிறது. அடுக்கே இல்லாமல் கலைந்து கிடந்தால் நிறமே வராது. அந்தக் கல்லை இங்கே 'பாட்ச்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

தட்டுகளை அவர் தனித்தனியாக வைத்திருந்தார். 60 டாலரில் இருந்தே கண்ணைப் பறிக்கும் கற்கள் இருந்தன. "பக்கவாட்டில் பார்" என்றார். ஒன்றில் மெல்லிய ஓபல் தகடு, அடியில் கறுப்புக் கல், நடுவே நேர்கோடாகப் பசை. அது டப்லெட். அதற்கு மேலே இன்னொரு கண்ணாடி மூடி போட்டிருந்தால் டிரிப்லெட். பசைக்குள் ஈரம் இறங்கினால் நாளடைவில் மங்கிவிடும், அடிக்கடி கை நனைக்கிறவர்களுக்கு வேண்டாம் என்று அவராகவே சொன்னார். குறைந்த விலைச் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்காத அந்த நேர்மைக்காகவே இந்தக் கடையைப் பற்றி எழுதத் தோன்றியது.

லைட்னிங் ரிட்ஜ் என்ற ஊரின் கறுப்பு ஓபல் இரண்டும், குயின்ஸ்லாந்து இரும்புப் பாறையோடு சேர்த்து வெட்டிய போல்டர் ஓபல் சிலதும் இருந்தன. கறுப்பின் விலையைக் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். நான் எடுத்தது ஒரே கல்லாக இருக்கும் வெள்ளை ஓபல், 2.1 காரட், 420 டாலர். கடை விளக்கில் எல்லாக் கல்லும் மின்னும் என்று சொல்லி, அவரே குகை வாசலுக்குக் கொண்டுபோய் நிழலில் வைத்துக் காட்டினார். அங்கேயும் பச்சை தெரிந்தது, ஓரத்தில் ஆரஞ்சுப் பொறி ஒன்று தெரிந்தது. ஒரே கல், கூபர் பெடி, வெள்ளை என்று பில்லில் எழுதிக் கொடுத்தார்.

குறை இல்லாமல் இல்லை. மோதிர அளவு மாற்றித் தபாலில் அனுப்ப ஒரு வாரம் என்றார்கள், மூன்று வாரம் ஆனது. மோதிரத்தில் கல்லைக் கட்டியிருப்பதும் கொஞ்சம் உயரம், துணியில் மாட்டுகிறது. ஓபலின் கடினத்தன்மை மோஸ் அளவில் 5.5 முதல் 6.5 வரைதான். வீட்டுத் தூசியில் இருக்கிற குவார்ட்ஸ் 7, அது கல்லைக் கீறிவிடும். அதனால் பதக்கமாகக் கட்டச் சொல்லி அவர் வற்புறுத்தினார். ஜோசியர் மோதிரம் என்று சொல்லிவிட்டதால் அம்மா கேட்கவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது மட்டும் கழற்றி வைக்கிறார். நகைக்கடை மெஷினில் போட்டுக் கழுவவோ சூடு காட்டவோ கூடாது, கல்லில் மயிரிழை விரிசல் விட்டுவிடும் என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சள் வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னேன்! வெறும் பாலில் நனைத்துவிட்டு உடனே தண்ணீரில் கழுவியதாகப் போனில் சொன்னார். எனக்குப் பக்கென்றது. வீடியோ காலில் காட்டச் சொன்னேன். ஜன்னல் பக்கம் போய் விரலைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பச்சை இருந்தது, ஓரத்தில் அந்த ஆரஞ்சும் இருந்தது. இப்போது ஏழு மாதம் ஆகிறது, கல் அப்படியே இருக்கிறது.