காசைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் ஆர்.டி.ஐ. விண்ணப்பம் எவ்வளவு கைகொடுக்கும்?

இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்குத் தரும் அஸ்வெசும கொடுப்பனவை எடுத்த ஒரு சுயதொழில்காரருக்கு “உமக்குத் தகுதியில்லை, பெற்ற பணத்தை மீளச் செலுத்தவும்” என்று கடிதம் வந்தால் அவர் முதலில் ஓடுவது விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்), பிறகு பிரதேச செயலகத்துக்கு. இரண்டு இடத்திலும் வாயால் வாதாடிவிட்டு, கையில் ஒரு துண்டும் இல்லாமல் வீடு திரும்புவது வழக்கம். என்ன கணக்கில், யார் எழுதிய அறிக்கையில், எந்த மாதங்களுக்காகக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் போடும் மறுப்பு இருட்டில் கல்லெறிவது போலத்தான். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க ஏழைக்குக் கட்டுப்படியாகும் வழி ஒன்றுண்டு: தகவல் அறியும் உரிமை (ஆர்.டி.ஐ.) விண்ணப்பம். மீளச்செலுத்தலை எதிர்ப்பவருக்கு அது எவ்வளவு உதவும், எங்கே கைவிடும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

இந்த உரிமையைத் தருவது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3இல் நடைமுறைக்கு வந்தது. யாழ் மாவட்டத்தின் 15 பிரதேச செயலகங்களுக்கும், அஸ்வெசுமவை நடத்தும், கொழும்பிலுள்ள நலன்புரி நன்மைகள் சபைக்கும் இது பொருந்தும். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது, ஆனால் அதில்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயமில்லை. கோடு போட்ட தாளில் கையால் எழுதினாலும் ஏற்க வேண்டும். “படிவம் முடிந்துபோச்சு, பிறகு வாங்கோ” என்ற பதிலுக்கு இடமே இல்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலரே அதை எழுத்தில் பதிய வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவும் தேவையில்லை. பிரதிகளில் முதல் நான்கு பக்கம் இலவசம், அதன் பிறகு ஏ4 ஒரு பக்கத்துக்கு 2 ரூபா, இரு பக்கமும் என்றால் 4 ரூபா. விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பெரும்பாலும் கேட்பவரின் கேள்வியில்தான் இருக்கும். “என்னை ஏன் நீக்கினீர்கள்?” என்று எழுதினால் அது பதிவேடு கேட்பதல்ல, விளக்கம் கேட்பது என்று தட்டிவிட இடமுண்டு. எனவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்: குடும்பத் தகவல் திரட்டிய படிவத்தின் பிரதி, தகுதியை அளக்கும் 22 குறிகாட்டிகளில் ஒவ்வொன்றுக்கும் பதியப்பட்ட விடை, வீட்டுக்கு வந்து பார்த்த அலுவலரின் குறிப்பும் திகதியும், எனக்கெதிராக ஆட்சேபனை வந்திருந்தால், ஆட்சேபித்தவரின் பெயரை மறைத்து, அதன் உள்ளடக்கம், மாதவாரியாக எனக்கு வைப்பிலிட்டதாகக் காட்டும் கணக்கு, மீளச் செலுத்தக் கேட்பதற்கு ஆதாரமான சட்ட ஏற்பாடு அல்லது சுற்றறிக்கையின் பிரதி. பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. அப்படிக் கேட்காவிட்டால், மற்றவரின் தனிப்பட்ட தகவல் என்ற காரணத்தைக் காட்டி முழுத் தாளையும் மறுத்துவிடக் கூடும். ஆட்சேபித்தது பக்கத்து வளவுக்காரரா, மச்சானா என்று ஆராய்வதால் ஒரு சதமும் மிஞ்சப் போவதில்லை.

காரணம் வேண்டுமென்றால் அதே சட்டத்தின் 35ஆம் பிரிவைக் காட்டித் தனிக் கடிதம் கொடுக்க வேண்டும். ஒரு முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால், அந்த முடிவை எடுத்த அலுவலர் காரணத்தை எழுத்தில் தரக் கடமைப்பட்டவர் என்கிறது அது. இந்தச் சேவையிலேயே மிகக் கூர்மையான கத்தி இதுதான்; உறையிலிருந்து எடுப்பவர்கள்தான் குறைவு. விண்ணப்பத்தையும் இந்தக் கடிதத்தையும் ஒரே தாளில் கலக்காதீர்கள். கலந்தால் எளிதான பாதிக்கு மட்டும் பதில் வரும்.

படிவமும் வெளிக்களக் குறிப்பும் பிரதேச செயலகத்தில் இருக்கும், புள்ளியிட்ட முடிவு சபையில் இருக்கும். ஆகவே ஒரே நாளில் இரண்டு விண்ணப்பம் போடுவது நல்லது. செயலகத்துக்கு நேரில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றைக் கையோடு வாங்குங்கள். சட்டப்படி அது உடனே தரப்பட வேண்டும். கொழும்புக்குப் பதிவுத் தபால். குடும்பத்தின் கியூஆர் இலக்கம், அடையாள அட்டை இலக்கம், கிராம அலுவலர் பிரிவு மூன்றையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் “விபரம் போதாது” என்று திரும்பி வராது.

பொதுவாக 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று தீர்மானிக்க வேண்டும். தருவதாக முடிவெடுத்து, கட்டணம் செலுத்திய பிறகு இன்னும் 14 நாள். பெரிய கோப்பென்றால் 21 நாள்வரை நீடிக்கலாம். மறுத்தாலோ, பதிலே வராவிட்டாலோ 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. மௌனத்தையே மறுப்பாக எடுத்து மேலே போகலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. “இன்னும் பதில் வரேல்ல” என்று மாதக்கணக்கில் காத்திருந்து 14 நாளைத் தவற விடுகிறார்கள்.

கோப்பு கைக்கு வந்த பிறகுதான் சுயதொழில்காரரின் உண்மையான வேலை தொடங்குகிறது. சம்பளக்காரருக்கு ஒரு சம்பளத் துண்டு போதும். கடற்றொழிலாளி, ஓட்டோக்காரர், தையல்காரி, தச்சர் ஆகியோரிடம் கைக்கு வந்த காசைத்தான் வருமானமாக எழுதிவிடுவார்கள். மூன்று பேர் போகும் ஒரு படகை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் மீன் 30,000 ரூபாவுக்குப் போகிறது என்போம். மண்ணெண்ணெய், ஐஸ், சாப்பாடு 12,000 கழிந்தால் மிச்சம் 18,000. படகுக்கும் வலைக்கும் பாதிப் பங்கு போனால் 9,000. மூவருக்கும் பிரித்தால் ஆளுக்கு 3,000. விற்ற துண்டு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவருடைய வருமானம் 30,000 என்று பதிந்தால் அது பத்து மடங்கு பிழை. பங்குமுறையைக் குறிப்பிட்டுக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தின் கடிதம் ஒன்று எடுங்கள். வாடைக் காலத்தில் கடலுக்குப் போகாத நாட்களும் அதில் இருக்க வேண்டும். நல்ல மாதம் ஒன்றை வைத்து 12 ஆல் பெருக்குவது அடிக்கடி நடக்கும் தவறு. கள்ளு இறக்குபவருக்குப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தின் அளவைப் பதிவு இருக்கிறது. நாளாந்தம் எத்தனை லீற்றர் என்ற எழுத்தை யாரும் மறுக்க முடியாது.

வங்கிக் கணக்கு இன்னொரு குழி. யாழ்ப்பாணத்துச் சேமிப்புப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தில் விழுவதெல்லாம் உழைப்பல்ல. சீட்டு எடுத்த காசு, நகை அடகு வைத்த காசு, மரம் வாங்கச் சொல்லி வாடிக்கையாளர் தந்த முற்பணம், கனடாவிலிருந்து அக்கா அம்மாவின் மருந்துக்கு அனுப்பியது எல்லாம் ஒரே நிறத்தில்தான் தெரியும். ஒவ்வொரு பெரிய வரவுக்கும் எதிரே ஒரு சொல் எழுதி, அடகுத் துண்டையோ சீட்டுக் கொப்பியின் பக்கத்தையோ வையுங்கள். துண்டு இல்லாததற்குச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிக்கலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் சத்தியக் கடதாசி என்றால் எடுபடாது. வெளிநாட்டுக் காசை மறைக்கவும் கூடாது. ஒருமுறை வந்ததை ஒருமுறை வந்ததாகவும், மாதாமாதம் வருவதை மாதாமாதம் வருவதாகவும் சொல்லுங்கள். பின்னால் அவர்களாகக் கண்டுபிடித்தால் மற்றச் சரியான கணக்கும் பொய்யாகத் தெரியும்.

ஆனால் வருமானத்தை மட்டும் நிறுவிவிட்டு நிற்பவர் தோற்கவும் கூடும். அஸ்வெசும வெறும் வருமான எல்லைத் திட்டமல்ல. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பரப்பில் 22 குறிகாட்டிகள். லீசிங் முடியாத ஓட்டோ சொத்தாகப் பதியப்பட்டிருந்தால், கணக்குக் கொப்பி அதற்குப் பதிலாகாது. லீசிங் உடன்படிக்கையும் மிச்சத் தவணைக் கணக்கும் வேண்டும். அண்ணனின் வாகனம் உங்கள் வளவில் நின்றதால் உங்கள் பெயரில் ஏறியிருந்தால் பதிவுப் புத்தகத்தின் பிரதி போதும். எந்தக் குறிகாட்டியில் அடி விழுந்தது என்று காட்டுவதுதான் ஆர்.டி.ஐ. தரும் பெரிய லாபம்.

தொகையையும் பாருங்கள். வறிய வகுப்புக்கு மாதம் 8,500, மிக வறிய வகுப்புக்கு 15,000 என்றுதான் 2023 ஜூலையில் தொடங்கியது. 2025 ஜனவரியிலிருந்துதான் 10,000மும் 17,500மும். வறிய வகுப்பில் 2023 ஜூலையிலிருந்து 2025 ஜூன்வரை 24 மாதம் எடுத்தவருக்கு 18 மாதம் 8,500 வீதம் 153,000, ஆறு மாதம் 10,000 வீதம் 60,000, ஆக 213,000. இன்றைய தொகையால் 24ஐப் பெருக்கினால் 240,000 வரும்; 27,000 ரூபா கூட. வங்கிப் புத்தகத்தில் விழாத மாதம் கணக்கில் இருந்தால் அதையும் வெட்டச் சொல்லுங்கள்.

இனி இந்தச் சேவையின் பலவீனம். ஆர்.டி.ஐ. விண்ணப்பம் மீளச்செலுத்தலை நிறுத்தி வைக்காது, யார் சரி என்றும் தீர்ப்புச் சொல்லாது. கடிதத்தில் மறுப்புக்குத் திகதி இருந்தால், கோப்பு வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் அந்தத் திகதிக்குள் ஒரு பக்க மறுப்பைக் கொடுங்கள்: “தொகையையும் தகுதி முடிவையும் ஏற்கவில்லை; ஆவணங்கள் கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் விரிவான விளக்கம் தருவேன்; அதுவரை அறவிட வேண்டாம்.” தவணை முறைக்கு ஒப்பந்தம் நீட்டினால் கையெழுத்துப் போட முன் “என் மறுப்புக்குப் பாதகமின்றி” என்று மேலே எழுதுங்கள். அந்த வரி இல்லாத கையெழுத்தைக் கடனை ஒப்புக்கொண்டதாக வாசிப்பார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் “பொது 172” என்ற அரசாங்கப் பற்றுச்சீட்டு இல்லாமல் எவர் கையிலும் காசு கொடுக்காதீர்கள்.

கடிதம் சிங்களத்தில் மட்டும் வந்தால் அதையும் மறுப்பில் எழுதுங்கள். வடக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மொழிப் பிரச்சினைக்கு 1956 என்ற இலக்கம். அஸ்வெசும பற்றிய பொது விசாரணைக்கு 1924. தொலைபேசியில் சொன்னதை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். பேசிய நேரத்தையும் சொன்ன பதிலையும் குறித்து வையுங்கள்.

இத்தனைக்கும் பிறகு முடிவு மாறாவிட்டால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு நிலையத்துக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்கும் போகலாம். சமமாக நடத்தப்படவில்லை என்பது உங்கள் முறைப்பாடானால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துக்குள் போங்கள். அப்படிப் போனால் அங்கே விசாரணை நிலுவையில் உள்ள காலம், உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடுவதற்கான ஒரு மாத எல்லைக்குள் கணக்கெடுக்கப்படாது. அந்த ஒரு மாதத்தை எண்ணுவதற்குக் கடிதம் எப்போது கைக்கு வந்தது என்று காட்ட வேண்டி வரும். அதனால் தபால் முத்திரை விழுந்த கடித உறையை எறிந்துவிடாமல் கடிதத்தோடே குத்தி வையுங்கள்.