திருப்பினால் சத்தம்: ஆக்சிலா, ஸ்ட்ரட் மவுண்ட்டா?

காரைக்குடிப் பக்கத்துக் கானாடுகாத்தானில் தெருக்கள் கோடு போட்டாற்போல் நேராகப் போகும், முனைக்கு முனை செங்கோணத்தில் திரும்பும். முன்சக்கரத்தில் கோளாறு இருந்தால் நாலு முனை தாண்டுவதற்குள் அம்பலமாகிவிடும். என் பழைய ஹாட்ச்பேக்கும் அங்கேதான் மாட்டியது. பின்சீட்டில் இருந்த பக்கத்து வீட்டு ஆச்சி, "ஏன் தம்பி, திரும்புறப்பெல்லாம் கட்டில் முறியிற மாதிரி சத்தம் வருதே, பார்க்கக் கூடாதா?" என்றார்.

பார்த்தேன், ஆனால் தப்பாக. ஒரு பட்டறையில் வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "ஆக்சில் போச்சு" என்றார்கள். இன்ஜின் சுழற்சியை முன்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுதான் ஆக்சில். நானும் சரியென்று புதுசு மாட்டினேன். வீட்டு வாசலில் ஸ்டீயரிங்கை ஒடித்தேன். அதே சத்தம்.

ஆக்சில் முனையில், சக்கரம் திரும்பினாலும் சுழற்சி போய்ச் சேரும்படி இருக்கும் மூட்டான சி.வி. ஜாயிண்ட் தேய்ந்தால் வரும் சத்தம் 'டக் டக் டக்' என்று தாளம் தவறாமல் வரும். சக்கரம் உருண்டால்தான் வரும், வேகம் கூடினால் தாளமும் கூடும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்சிலேட்டரை மிதித்து வட்டம் அடித்தால் தெளிவாகக் கேட்கும். வண்டி நிற்கும்போது வாயே திறக்காது.

ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சர்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை உச்சியில் வண்டி உடம்போடு பிடிக்கும் பாகம்) அப்படியில்லை. நிற்கும் வண்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலே 'டொங்' என்று ஒரு அடி, சில சமயம் கம்பி அதிர்வது போல ஒரு ரீங்காரம். காரணம் எளிது. சக்கரம் திரும்பும்போது ஷாக் அப்சர்பரும் சுருள் ஸ்பிரிங்கும் சேர்ந்தே திரும்ப வேண்டும். அதற்காக உச்சியில் ஒரு பேரிங் இருக்கிறது. அது துருவேறியோ தூசி அடைத்தோ இறுகிவிட்டால், ஸ்பிரிங் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாதபோது ஒரே உதறலில் விடுபடும். எனக்குக் கேட்டது இந்த உதறல்தான்.

இதை உறுதி செய்யக் காசு வேண்டாம், கூட ஒரு ஆள் போதும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, அவரை ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள் (சுருளுக்குள் விரல் போகவே கூடாது). பேரிங் நல்லதாக இருந்தால் ஸ்பிரிங் வழுக்கிக்கொண்டு திரும்பும். கெட்டிருந்தால் கையில் குதிப்பது தெரியும்.

சத்தம் போடும் இன்னும் இரண்டு பாகங்களைச் சொல்லிவிட்டு நகர்கிறேன். மேடுபள்ளத்தில் 'கடக் கடக்' என்றால் லிங்க் ராடை (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் சிறு தண்டு) பாருங்கள், அவசரமில்லை. மெதுவாகத் திருப்பும்போது 'கிரீச்' என்றால் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட்டாக (சக்கரத்தைக் கீழே தாங்கும் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு) இருக்கலாம். அது அசட்டையாக விடும் விஷயமில்லை, கழன்றால் சக்கரமே சாய்ந்துவிடும். ஊசியால் கிரீஸ் ஏற்றிச் சத்தத்தை அடக்குவார்கள். சத்தம் போகும், தேய்மானம் போகாது.

இனி செலவு. சி.வி. ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்து, சத்தம் இன்னும் வரவில்லை என்றால் பூட்டை மாற்றிப் புதுக் கிரீஸ் அடைப்பது போதும். நம் பக்கத்துச் செம்மண் கிரீஸோடு கலந்தால் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரிதான், ஆகவே தள்ளிப்போட வேண்டாம். 'டக் டக்' தொடங்கிவிட்டால் பூட் மாற்றுவது வீண். உள்ளே குண்டுகள் ஓடும் பாதை குழி விழுந்திருக்கும், ஆக்சிலையே மாற்ற வேண்டும்.

மவுண்ட், பேரிங் இரண்டும் சேர்ந்தாலும் ஆக்சிலைவிட வெகு மலிவு. கூலிதான் இடிக்கும், ஏனென்றால் ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்தாக வேண்டும். பட்டறையில் ஸ்பிரிங் கம்பிரஸர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கயிறு கட்டிச் சமாளிக்கிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தாலும் நான் இரண்டு பக்கமும் மாற்றவே சொல்வேன். "ஷாக்கையும் சேர்த்து மாத்திடலாம்ணே" என்பார்கள். எண்ணெய் கசிவு இல்லை, பானட்டை அழுத்திவிட்டால் ஒரே ஆட்டத்தில் அடங்குகிறது என்றால் எனக்கு அது தேவையாகப் படவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டர் வேண்டுமென்று மதுரைக்கோ திருச்சிக்கோ ஓடினால் ஏறக்குறைய 90 கி.மீ., பெரும்பாலும் நேர் சாலை, இந்தச் சத்தம் தலைகாட்டாது. அங்கே போய், "வரலையே சார்" என்று அனுப்பிவிடுவார்கள். போவதாக இருந்தால் சத்தத்தைப் போனில் பதிந்துகொண்டு போங்கள். நான் காரைக்குடியிலேயே இன்னொரு பட்டறையில் முடித்துக்கொண்டேன். கழற்றிய பேரிங்கைத் திண்ணையில் தட்டியபோது ஒரு சிட்டிகை செம்மண் கொட்டியது.

ஸ்ட்ரட்டைக் கழற்றினால் சக்கரத்தின் சாய்வு கொஞ்சம் மாறிவிடும். அன்றைக்கே வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மாதம் டயர் ஓரம் தேய்கிறது என்று வேறொரு பட்டறை வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.